சுறாவுக்கு இரை போட்டுக் காட்டும் டைவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

படகு நின்று நங்கூரம் இறங்குவதற்குள்ளேயே கீழே சுறாக்கள் சுற்ற ஆரம்பித்திருக்கும். இரைப் பெட்டியை இன்னும் திறக்கவே இல்லை, ஒரு துண்டு மீன்கூடத் தண்ணீரில் விழவில்லை. ஸ்கூபா (முதுகில் காற்று உருளையோடு கடலடியில் நீந்துவது) பயிற்சியாளராக இப்படிப்பட்ட டைவ்களுக்கு நான் ஆள் அழைத்துப்போன காலத்தில், இதைப் பார்த்ததும் பயணிகள் கைதட்டுவார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும். கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது: என்ஜின் சத்தம் கேட்டால் சாப்பாடு வரும் என்று அந்த விலங்குக்கு நாங்கள் பழக்கிவிட்டிருக்கிறோம். எங்கள் படகுக்கும் தூண்டில் போடுகிற படகுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இந்த டைவ் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மணல் தரையில் பயணிகளை வரிசையாக மண்டிபோட வைப்போம். கைகளை மார்போடு கட்டிக்கொள்ளச் சொல்வோம், ஏனென்றால் கலங்கிய தண்ணீரில் அசைகிற வெளிறிய விரல் மீன் துண்டு மாதிரியே தெரியும். இரை கொடுப்பவர் நடுவில், எஃகு வளையங்களால் பின்னிய கவச உடையில் இருப்பார். நான்கு அடி தள்ளி மண்டிபோட்டிருக்கிற பயணிக்குச் சாதாரண டைவ் உடைதான். இரை கொடுப்பவருக்கு மட்டும் ஏன் கவசம் என்று கேட்ட பயணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், கேட்டவர்களுக்கும் நாங்கள் சிரித்து மழுப்பினோமே தவிர நேராகப் பதில் சொல்லவில்லை. 2008இல் பஹாமாஸில், தண்ணீரில் இரை போட்டு நடத்திய கூண்டில்லாத டைவ் ஒன்றில் காலில் கடிபட்டு ஒரு பயணி இறந்திருக்கிறார். அந்த மாதிரி விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

சரி, இரை போட்டால் சுறா மனிதரைத் தின்னப் பழகிவிடுமா? அப்படி நடப்பதாக ஆதாரம் இல்லை. உலகம் முழுக்கச் சீண்டாமலே நடக்கும் சுறாக்கடி ஆண்டுக்கு 60, 70 அளவில்தான் பதிவாகிறது. நாம் மீன்பிடியில் கொல்லும் சுறாக்களோ, 2013இல் வந்த மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 10 கோடி. ஆகவே என் கவலை முதலில் சுறாவைப் பற்றியது.

அதிலும் எல்லாச் சுறாவுக்கும் ஒரே கதை கிடையாது. புலிச்சுறாக்களை வைத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, இரை போடத் தடை உள்ள புளோரிடாவையும் இரை போடும் பஹாமாஸையும் ஒப்பிட்டது. பஹாமாஸ் சுறாக்கள் இரைக்காக அங்கேயே கிடக்கவில்லை, நெடுந்தூரம் சுற்றத்தான் செய்தன. ஆனால் பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவில் எலுமிச்சைச் சுறாக்கள் இரை போடும் இடத்தை விடாமல் சுற்றின, தங்களுக்குள் மோதிக்கொள்வதும் கூடியது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பவளக்கடலில் உள்ள ஆஸ்ப்ரே ரீஃப் என்ற பவளத்திட்டில் பகலில் ஓய்வெடுக்க வேண்டிய வெண்துடுப்புச் சுறாக்கள், இரை போடும் நாளில் ஓய்வை விட்டு அலைந்து உடல்சக்தியைக் கூடுதலாகச் செலவழித்தன. கேமன் தீவுகளில் இரவில் இரை தேட வேண்டிய, சுறாவுக்கு உறவான திருக்கைகள் பகல்வாசிகளாகவே மாறிவிட்டன. பிலிப்பைன்ஸின் ஓஸ்லோபில் தினமும் கூனிக்காக வரும் திமிங்கலச் சுறாக்கள் படகைக் கண்டு விலகுவதில்லை. படகுக்கு அஞ்சாத மீனின் முதுகில் புரொப்பெல்லர் என்ன செய்யும் என்று நேரில் பார்த்தவர்கள் அந்தத் தழும்பை மறக்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும் தடை செய்துவிடலாம் என்கிறவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பிஜியின் ஷார்க் ரீஃப் கடல் காப்பகம் 2004இல் தொடங்கியது. அங்கேயும் இரை போடுகிறார்கள்தான், ஆனால் பயணி கட்டும் கட்டணம் அந்த இடத்தில் மீன்பிடிப்பதை விட்டுக்கொடுத்த ஊர்களுக்குப் போகிறது. பஹாமாஸ் 2011இல் தன் கடல் முழுவதையும் சுறா சரணாலயமாக அறிவித்ததற்கு டைவ் வருமானம் ஒரு பெரிய காரணம். சுறா உயிரோடு இருந்தால்தான் வருமானம் என்ற நிலை வந்த இடங்களில் அது பிழைத்திருக்கிறது, அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். அப்புறம், பூட்டிய பெட்டியில் மீன் தலையை வைத்து வாசனை மட்டும் பரவவிடுவதும், கையில் பிடித்து வாயில் கொடுப்பதும் ஒன்றல்ல.

நான் மொத்தமாக வேண்டாம் என்று சொல்வது கையால் கொடுப்பதைத்தான். மூக்கைத் தடவி மயக்குவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சுறாவின் மூக்கு நுனி முழுக்க, இரையின் உடலிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை உணரும் நுண்துளைகள் உண்டு. அங்கே தேய்த்தால் அது அசைவற்று நின்றுவிடும். அதைப் ‘பாசம்’ என்று தலைப்பு வைத்துப் படம் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன், தப்புதான்.

நாங்கள் இரை போட்ட கூட்டத்தில் ஒரு பெண் ரீஃப் சுறா இருந்தது. வாயின் வலது ஓரத்தில் பழைய தூண்டில் முள், அதன்மேல் பாசி. எப்போதும் அதுதான் கைக்கு முதலில் வரும், கண்ணிமை மூடிக்கொள்வது தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். ஒரு நாள் அதன் இடது ஓரத்திலும் ஒரு முள், புதிதாக, அதிலிருந்து ஒரு முழம் தூண்டில் நரம்பு தொங்கிக்கொண்டிருந்தது. அன்றும் அது நேராக என் கையைத் தேடித்தான் வந்தது. அடுத்த சீசனில் வரவில்லை. அந்த வருடத்தோடு நான் கையால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பதிவு செய்வதற்கு முன் டைவ் நிலையத்தில் இவற்றைக் கேளுங்கள். இரையை எப்படிக் கொடுக்கிறீர்கள்? தினமும் போடுகிறீர்களா, இடையில் ஓய்வு நாட்கள் உண்டா? அந்தக் கடலில் சுறா பிடிக்கத் தடை இருக்கிறதா? நான் கட்டும் பணத்தில் அந்த இடத்தின் பாதுகாப்புக்கு எவ்வளவு போகிறது? யாருக்காவது அடிபட்டால் கரைக்கு எத்தனை மணி நேரம்? தொடலாம், தடவலாம், படத்துக்கு உத்தரவாதம் என்று பதில் வந்தால் அந்தப் படகில் ஏறாதீர்கள். இரை இல்லாத டைவில் சில நாள் ஒரு சுறாகூட வராது, பணம் திரும்பக் கிடைக்காது. இப்போது நான் அழைத்துப்போகிறவர்களிடம் இதைக் கரையிலேயே சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்டுச் சிலர் வேறு படகுக்குப் போய்விடுவதும் உண்டு.