பிள்ளைகள் பாடும் மேடையில் நாம் எப்படி வாசிக்கிறோம்?

மார்கழி நெருங்கினால் சபாக்களின் மத்தியான ஸ்லாட்டுகளுக்கு என் போன்ற பக்கவாத்தியக்காரர்களை மிருதங்கம் வாசிக்கக் கூப்பிடுவார்கள். பாடுவது 14, 15 வயதுப் பிள்ளை, ஒன்றரை மணி நேரக் கச்சேரி, பக்கத்தில் நல்ல அனுபவமுள்ளவர்கள் இருந்தால் தைரியமாக இருக்கும் என்பார்கள் பெற்றோர். நியாயமான ஆசைதான். ஆனால் பெரிய வித்வான் உட்கார்ந்துவிட்டாலே பிள்ளைக்கு நல்லது நடந்துவிடும் என்றில்லை. அவர் வாசிக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். பதற்றத்தில் பிள்ளைகள் கச்சேரியைத் தொடங்கும் வர்ணத்தையே சற்று வேகமாக எடுத்துவிடுவார்கள், அதையே இரட்டிப்பு வேகத்தில் பாடும் இரண்டாம் காலம் வரும்போது வாய் ஒத்துழைக்காது. அப்போது மிருதங்கக்காரர் சட்டென்று வேகத்தைப் பிடித்து இழுத்தால் சபைக்கே தெரிந்துவிடும், பிள்ளை இன்னும் மிரண்டுபோகும். மிருதங்கச் சொற்களைக் குறைத்து, சர்வலகுவாக (கணக்குகள் இல்லாமல் தாளத்தோடு நேராக ஓடும் வாசிப்பாக), கனத்த ஓசை தரும் பக்கமான தொப்பியில் அடி தெளிவாக விழும்படி கொஞ்ச நேரம் வாசித்துப் பாருங்கள், ஓட்டம் தானாக அடங்கும். தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கை ஒரு அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) தவறினாலும் இதே வைத்தியம்தான்: தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்தை அழுத்திக் காட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே போக வேண்டும். மூத்தவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்தப் பிள்ளைக்கு அடுத்த மூன்று பாட்டும் மறந்துபோகும்.

வயலின்காரர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சரணத்தில் வார்த்தை விட்டுப்போனால் அந்த அடியை மெல்ல வாசித்து எடுத்துக்கொடுக்கலாம். பிள்ளை மூன்று நிமிடம் ராகம் பாடியிருந்தால், பதிலுக்கு ஆறு நிமிடம் வாசிப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் தேவையில்லாதது.

பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒன்றரை மணி நேரக் கச்சேரியில் எட்டு, பத்து நிமிடம் தாராளம். நேரத்தைவிட முக்கியமான விஷயம் வேறு: நாம் தனி வாசிக்கும்போது தாளம் போடுவது அந்தப் பிள்ளை. அட்சரத்தை ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடைக்குப் போய், எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு கோர்வையை (முடிப்புக்கு வாசிக்கும் கணக்கை) தொடங்கினால் தாளம் தவறுவது பிள்ளையின் கையில், வாங்கிக்கொள்ளும் கைதட்டல் நமக்கு. இது சரியில்லை. எந்த நடை, எங்கே முடிக்கப் போகிறோம், பாட்டு தொடங்குவது சமத்திலா அரை இடம் தள்ளியா என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

நம் கச்சேரிகளில் ஒத்திகை வழக்கமில்லை, மேடையில்தான் சந்திப்போம். பெரியவர்களுக்கு அது சரி. இளையோருக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு தடவையாவது சேர்ந்து உட்கார வேண்டும், பெற்றோர் இதைக் கூச்சப்படாமல் கேட்கலாம். நேரமில்லை என்று சொல்கிற கலைஞரை விட்டுவிட்டு, பெயர் சற்றுச் சின்னதானாலும் வந்து உட்காருகிறவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் சுருதி. ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடிக்கொண்டிருந்த பையனுக்குக் குரல் உடையும் வயதில் மேல் ஸ்தாயி நழுவ ஆரம்பிக்கும். கச்சேரி ஒத்துக்கொண்டாயிற்று என்பதற்காகப் பழைய சுருதியிலேயே பாட வைத்தால் தொண்டையை நெருக்கித்தான் பாடுவான், அந்தப் பழக்கம் பிறகு போவது கஷ்டம். இறக்கிப் பாட வேண்டும், தேவையானால் சில மாதம் மேடையையே தள்ளிப்போடலாம். என் போன்றவர்கள் ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கத்தோடு தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கமும் கையில் வைத்திருந்தால், கடைசி நேரத்தில் சுருதியை இறக்க அந்தப் பையன் தயங்க மாட்டான்.

மைக் விஷயமும் உண்டு. மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக வைக்கும் ஒலிபெருக்கியான மானிட்டரில் எல்லோரும் தங்கள் வாத்தியத்தை ஏற்றச் சொன்னால், பிள்ளைக்குத் தம்பூராவும் கேட்காது, தன் குரலும் கேட்காது, கத்திப் பாட ஆரம்பித்துவிடும். சின்ன ஹாலில் மிருதங்கம் மானிட்டரில் வரவே வேண்டாம்.

பணத்தையும் பேசிவிடலாம். மேடை தருவதற்குப் பெற்றோரிடம் நன்கொடை கேட்கிற இடங்கள் இருக்கின்றன, அங்கே வாய்ப்பு திறமையைப் பார்த்து வருவதில்லை. பக்கவாத்தியச் சம்பளம் வேறு விஷயம், அது உழைப்புக்கானது. அதையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நம் கடமை.

மூத்தவர்கள் இளையவர்களைத் தாங்குவது நம் சங்கீதத்தில் புதிதில்லை. 1912இல் பிறந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரைச் சிறு வயதிலேயே தன் கச்சேரிகளில் வாசிக்க வைத்தவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். வாய்ப்போடு நிற்காமல், மேடையிலேயே வாய்விட்டுப் பாராட்டுவார் செம்பை. அந்தத் தாராளம் நமக்கெல்லாம் வேண்டும்.

கச்சேரி முடிந்ததும் எல்லோர் முன்னாலும் தவறுகளை அடுக்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றைக்கு நன்றாக வந்த ஒரு இடத்தைச் சொல்லிப் பாராட்டிவிட்டுக் கிளம்புங்கள். திருத்த வேண்டியதை மறுநாள் குருவிடம் சொல்லுங்கள், பாடத்தில் வைத்துத் திருத்த அவருக்குத் தெரியும்.