புது பேட்டரி மாட்டியும் சார்ஜ் ஏறாத லேப்டாப்: உப்புக் காற்று வீசும் ஊரில் முதலில் எங்கே பார்ப்பது?

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கும் அக்கா மகன் போன வாடைக் காலத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை என்று புதிதாக ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறான். சார்ஜரைச் செருகினால் லேப்டாப் ஓடுகிறது, ஆனால் பேட்டரி மட்டும் 0 சதவீதத்திலேயே நிற்கிறது. "கடையில டூப்ளிகேட்ட குடுத்து ஏமாத்திட்டாங்க மாமா" என்றான். அப்படியும் இருக்கலாம், ஆனால் எடுத்த எடுப்பில் அந்த முடிவுக்குப் போய்விடக் கூடாது.

டார்ச் லைட்டில் போடும் செல் மாதிரி இதை நினைத்துக்கொள்வதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். லேப்டாப் பேட்டரிக்குள் லித்தியம் அயான் செல்களோடு ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் இருக்கிறது. அதில் உள்ள சிப் தன் வோல்டேஜ் எவ்வளவு, சூடு எவ்வளவு, இதுவரை எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று எல்லாவற்றையும் கணக்கு வைத்துக்கொண்டு, மதர்போர்டில் இருக்கும் கட்டுப்பாட்டு சிப் கேட்கும்போது பதில் சொல்கிறது. இந்தப் பேச்சு இரண்டே கம்பிகளில் நடக்கிறது. எஸ்எம்பஸ் என்று அந்த முறைக்குப் பெயர், 1995-ல் இன்டெல் வகுத்தது. பதில் வந்தால்தான் மதர்போர்டு சார்ஜ் ஏற்றும், வராவிட்டால் ஏற்றாது. அது பிடிவாதம் இல்லை, பாதுகாப்பு. வழக்கமான லித்தியம் செல்லுக்கு 4.2 வோல்ட் எல்லை, அதைத் தாண்டி ஏற்றிக்கொண்டே போனால் தீப்பிடிக்கலாம்.

ஆக, சார்ஜ் ஏறவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பேச்சு எங்கே அறுந்தது? இதைப் பார்க்க விண்டோஸை நம்ப வேண்டாம், நேராக பயாஸுக்குள் போங்கள், அதாவது லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய அமைப்புத் திரைக்குள். பல லேப்டாப்களில் பேட்டரிக்கென்றே ஒரு பக்கம் இருக்கும். மருமகனின் லேப்டாப்பில் 'பேட்டரி இல்லை' என்றே காட்டியது. மாட்டியிருக்கும் பேட்டரியையே அது பார்க்கவில்லை.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பின்மூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரை உருவி மொபைல் டார்ச்சில் பார்த்தேன். எட்டு பின்களில் நடுவில் இருந்த இரண்டின் மேல் பச்சையாகக் களிம்பு. பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்காமல் விட்டால் பிடிக்குமே, அதே களிம்புதான்.

நம் கடற்கரையில் இது நடக்கத்தான் செய்யும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினாலே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழை மாதங்களில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒரு ஈரப்படலம் பின் மேல் உட்கார்ந்து, செம்பை மெல்ல அரிக்கிறது. புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பெயின்டும் தேவைப்பட்டன என்றால், தலைமுடி கனத்துக்குத் தங்கமுலாம்கூட இல்லாத ஒரு பின் என்ன செய்யும்?

இங்கே கவனிக்க ஒன்று இருக்கிறது. கரண்ட் போகும் பின்கள் பெரும்பாலும் இரண்டு மூன்றாகச் சேர்ந்திருக்கும், ஒன்று கெட்டாலும் இன்னொன்று சமாளிக்கும். பேசும் பின்கள் தலா ஒன்றுதான். அதிலும் ஓடுவது மிகச் சின்ன சிக்னல், களிம்பு கொஞ்சம் குறுக்கே வந்தாலே பதில் குழம்பிவிடும். அப்படியானால் பழைய பேட்டரி மட்டும் எப்படி வேலை செய்தது? அது வருடக்கணக்கில் அசையாமல் ஒரே இடத்தில் அழுந்தி இருந்தது, தொடும் இடத்துக்குக் காற்று புகவில்லை. புதியது அதே தடத்தில் உட்காரவில்லை, நேராகக் களிம்பின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, அப்புறம் பேட்டரியை மாட்டினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

களிம்பே இல்லை, பயாஸும் பேட்டரியைக் காட்டுகிறது, ஆனாலும் ஏறவில்லை என்றால் சார்ஜரைப் பாருங்கள். டெல் மாதிரி சில லேப்டாப்கள் சார்ஜரின் நடு ஊசி வழியாக அதன் வாட்டையும் விசாரிக்கும், அந்த ஊசி கெட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. திங்க்பேட் போன்றவற்றில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பை யாராவது போட்டு வைத்திருக்கலாம். கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே செல் 45 டிகிரியைத் தாண்டினாலும் சார்ஜ் நிற்கலாம், ஆறவிட்டுப் பாருங்கள். பேட்டரி மேல் அச்சிட்ட வோல்டேஜையும் பழையதோடு ஒப்பிடுங்கள்: 10.8, 11.1 இரண்டும் தொடராக இணைத்த மூன்று செல்தான், பயமில்லை. 14.4 என்றால் நான்கு செல், அது வேறு வகை, இதற்குப் பதிலாகப் பொருந்தாது.

கடையில் நெடுநாள் கிடந்த பேட்டரி அடிமட்டம் வரை இறங்கியிருந்தால்தான் கஷ்டம். செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போய்க் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரைய ஆரம்பிக்கும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். வெளியிலிருந்து வயர் கொடுத்து உசுப்பும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதில் கை வைக்காதீர்கள். பயாஸ் திரையை போட்டோ எடுத்துக்கொண்டு, பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.