அசெஸ்மென்ட்டுக்குப் போன் எடுத்தால் அம்மாவை ஆரும் நேர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டினம்

திரும்பவும் அதே கதைதான். ஹொஸ்பிட்டல் வார்டில இருந்து கோல் வருது, 82 வயசு அம்மா, பாத்ரூமில விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு ஒப்பரேசன் முடிஞ்சு படுத்திருக்கிறா, வீட்ட அனுப்புறதெண்டால் அங்க என்ன உதவி இருக்கு எண்டு சோசல் வேர்க்கர் கேக்கிறா, மகள் பக்கத்தில அழுதுகொண்டு நிக்கிறா. வயசானவைக்கு உதவி எடுக்கப் பதியிற அவுஸ்திரேலிய அரசாங்கத்தின்ர மை ஏஜ்ட் கெயாரில பதிஞ்சிருக்கோ எண்டு கேட்டால் இல்லை. ஏன் பதியேல்ல எண்டு கேட்டால் வாற பதில் எனக்கு மனப்பாடம். "அம்மாவை ஹோமில விட எங்களுக்கு விருப்பமில்லை."

ஆர் கேட்டது ஹோமைப் பற்றி?

நான் வெஸ்டர்ன் சிட்னியில கொம்யூனிட்டி நேர்ஸா இருந்து இப்ப வயசானவையின்ர வீட்டு உதவியை ஒழுங்கு செய்து குடுக்கிற கெயார் பார்ட்னரா வேலை செய்யிறன். ரூங்காபி, வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில் பக்கம்தான் கூடுதலா ஓடுப்படுறது. யாழ்ப்பாணத்து அம்மாமாரும் இருக்கினம், சென்னை, கோயம்புத்தூர் பக்கத்தில இருந்து பிள்ளையளோட வந்த அப்பாமாரும் இருக்கினம். இந்தப் பயத்தை எல்லாத் தமிழிலயும் கேட்டாச்சு. ஆனபடியா ஒருக்கா வடிவா எழுதிவிடுறன், பேந்து இதையே எல்லாருக்கும் அனுப்பலாம்.

அசெஸ்மென்ட் எண்டால், மை ஏஜ்ட் கெயாருக்குப் போன் எடுத்துப் பதிஞ்சாப்பிறகு ஒரு ஆள் உங்கட வீட்ட வந்து, அம்மா என்னென்ன தானாச் செய்யிறா, எதுக்கு உதவி வேணும் எண்டு கேட்டு எழுதிறது. காசில்லை. அதை வைச்சு எந்த உதவிக்கு அம்மா தகுதி எண்டு சொல்லுவினம், அவ்வளவுதான். அதிலயே நேர்சிங் ஹோமுக்கும் அப்ரூவல் தந்தாலும் அது ஒரு கடிதம், அதைப் பாவிக்கிறதும் லாச்சிக்குள்ள வைக்கிறதும் உங்கட விருப்பம். அம்மாவின்ர சம்மதம் இல்லாமல் அசெஸ்மென்ட்டே செய்ய ஏலாது. ஹோமில கட்டில் கிடைக்காமல் ஆக்கள் ஹொஸ்பிட்டல்ல மாதக்கணக்காக் காத்துக்கொண்டு கிடக்கினம், இதுக்குள்ள தானே சமைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற உங்கட அம்மாவை ஆர் வந்து பிடிச்சுக்கொண்டு போகப்போகினம்? எத்தினை தரம் சொன்னாலும் அடுத்த கேள்வி, "அப்ப வீட்டை கவர்மென்ட் எடுத்துப்போடுமாமே". எடுக்காது. வீட்டில இருந்துகொண்டு எடுக்கிற உதவிக்கு, நீங்கள் குடியிருக்கிற வீட்டைக் கணக்கிலயே பாக்கிறதில்லை. ஹோமுக்கே போனாலும், மனுசனோ மனுசியோ அந்த வீட்டில இருந்தால் அந்த வீடு கணக்குக்கு வராது. கோயில்ல ஆரோ சொன்னது, வாட்ஸ்அப்பில வந்தது, மச்சாளின்ர சம்பந்திக்கு நடந்தது எண்டு வாற கதையளை நம்பி ரெண்டு வருசம் மூண்டு வருசம் எண்டு இழுத்து, கடைசியா அம்மா விழுந்தாப்பிறகு வந்து நிக்கினம். அப்பதான் உண்மையில ஹோமைப் பற்றிக் கதைக்க வேண்டி வருது. உதவி எடுத்ததால ஹோமுக்குப் போன ஆளை விட, உதவி எடுக்காததால போன ஆக்களைத்தான் நான் கூடக் கண்டிருக்கிறன்.

சரி, விழாத ஆக்களின்ர கதைக்கு வாறன், அதுதான் எனக்கு இன்னும் கவலை.

"எங்கட அம்மா சந்தோசமாத்தான் இருக்கிறா" எண்டு சொல்லுவினம். த பொண்ட்ஸ், மார்ஸ்டன் பார்க் பக்கம் பெரிய மேல்வீடு, காலமை ஏழரைக்கு எல்லாரும் போயிடுவினம், பின்னேரம் ஆறு மணி வரைக்கும் அம்மா தனிய, டிவியில சீரியல், மத்தியானம் நேற்றைய கறியை மைக்ரோவேவில வைக்கப் பஞ்சிப்பட்டு ரெண்டு பிஸ்கட்டும் தேத்தண்ணியும். றோட்டில ஒரு மனிசர் இல்லை, பஸ் ஸ்டொப் எங்க எண்டு தெரியாது. கனபேரை பேரப்பிள்ளையளைப் பாக்கவெண்டுதான் பேரண்ட் விசாவில கூப்பிட்டது. அந்தப் பிள்ளையள் ஹைஸ்கூலுக்குப் போனாப்பிறகு அவைக்கு அம்மம்மா தேவையில்லை, அம்மம்மாவுக்கு இந்த நாட்டில வேற ஒண்டும் இல்லை. இதை ஆரும் கெட்ட மனசோட செய்யேல்ல, எனக்குத் தெரியும். ஆனா அம்மா மெலிஞ்சு போறதைக் காணாமல் "வயசு போகுது தானே" எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறது எனக்குக் கோவம்தான் வருது. தனிமை உடம்பை என்ன செய்யும் எண்டு நான் இதில விளக்கப்போறதில்லை, அந்த அம்மாவின்ர கையைப் பிடிச்சுப் பாத்தாலே தெரியும்.

எங்கட ஆக்களுக்கு ஏஜ்ட் கெயார் எண்டால் குளிக்க வாக்கிறது, பம்பர்ஸ் மாத்திறது. அதுவும் இருக்குத்தான். ஆனா ஆக்களோட சேர்ந்திருக்கிறதுக்கு உதவி செய்யிறதும் அதே லிஸ்டில, சட்டப்படி, காசு ஒதுக்கி வைச்சிருக்கிற ஒரு சேவை. கிழமையில ஒரு நாள் பஸ் வீட்டு வாசலுக்கு வந்து ஏத்திக்கொண்டு போய், பத்துப் பதினைஞ்சு பேரோட இருந்து சாப்பிட்டு, கதைச்சு, கை கால் அசைச்சு, திருப்பிக் கொண்டுவந்து விடுவினம். தமிழ் ஆக்களுக்கெண்டே நடக்கிற குரூப்புகளும் சிட்னியில இருக்கு. வீட்ட ஒரு ஆள் வந்து அம்மாவோட இருந்து கதைக்கலாம், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். வீட்டில இருந்தே உதவி எடுக்கிற சப்போர்ட் அட் ஹோம் திட்டத்திலயோ நேர்சிங் ஹோமிலயோ இருக்கிற, தனிமைப்பட்ட ஆக்களைப் பாக்க வொலண்டியர் வாற திட்டம் ஒண்டும் இருக்கு, அதுக்கு ஒரு சதமும் இல்லை, கேக்கிற ஆக்கள்தான் இல்லை.

ஒரு சின்ன விசயம் கேளுங்கோ. கடைச் சாமான் வாங்க உதவி கிடைச்சால், வேர்க்கரை லிஸ்ட் குடுத்து அனுப்பாதேங்கோ. "அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு கெயார் பிளானில எழுதச் சொல்லுங்கோ. அம்மா வோக்கரோட நடந்து, முருங்கைக்காயை எடுத்துப் பாத்து, "இது முத்தல்" எண்டு திரும்ப வைச்சு, கடைக்காரத் தம்பியோட ரெண்டு கதை கதைச்சு வரட்டும். பிசியோ செய்ய வேண்டிய பாதி வேலை அதிலயே முடிஞ்சுபோம். பிள்ளையளுக்கு இது விளங்காது, "ஏன் அம்மாவைக் கரைச்சல் படுத்துறியள், ஆள் போய் வாங்கினால் சுகம் தானே" எண்டு கேப்பினம். சுகம்தான், உங்களுக்கு.

அப்பாமார் வேற கேஸ். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில கார் லைசன்ஸ் வைச்சிருக்க 75 வயசில இருந்து வருசா வருசம் மெடிக்கல் செக், 85 வயசில இருந்து முழு லைசன்ஸ் வேணுமெண்டால் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா றோட்டில ஓடிக் காட்ட வேணும். லைசன்ஸ் போன அண்டைக்கே கனபேருக்கு வெளி உலகமும் போயிடும். கார்த் திறப்பைக் குடுத்திட்டு ஹோலில இருந்து ஒரே கதிரையில பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருப்பினம். மனுசி செத்தாப்பிறகு இன்னும் மோசம், ஏனெண்டால் ஆக்களோட தொடர்பு வைச்சிருந்ததே மனுசிதான். குரூப்புக்குக் கேட்டால் "உந்தக் கிழடுகளோட எனக்கென்ன கதை" எண்டுவினம், தனக்கு 87 எண்டதை மறந்து. இவையைக் குரூப்பால தொடங்காதேங்கோ. வேலை ஒண்டைக் குடுங்கோ. ஒரு ஐயா கணக்கு வாத்தியாரா இருந்தவர், குரூப்புக்கு வரமாட்டன் எண்டவர், தம்போலா நம்பர் வாசிக்க ஆள் இல்லை எண்டு சொல்லித்தான் கூப்பிட்டது, இப்ப பஸ் அஞ்சு நிமிசம் பிந்தினால் எனக்குக் கோல் எடுத்துப் பேசுறார்.

காதையும் பாருங்கோ, தயவுசெய்து. குரூப்பில பேசாமல் இருக்கிறா, டிமென்ஷியா எண்ட மறதி வருத்தம் வந்திட்டுது போல எண்டு சொல்லுற ஆக்களில கொஞ்சப் பேருக்கு உண்மையில காது கேக்கிறதில்லை. 2024ல வந்த, லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையின்ர கொமிஷன் அறிக்கை, டிமென்ஷியாவுக்கு நாங்கள் ஏதாவது செய்யக்கூடிய 14 காரணங்களுக்குள்ள காது கேளாமையையும் ஆக்களோட பழகாமல் ஒதுங்கிப் போறதையும் சேர்த்துத்தான் வைச்சிருக்கு. பென்ஷனர் கார்ட் இருந்தால் அரசாங்கத் திட்டத்தில காது மெஷின் இலவசமா எடுக்கலாம். எடுத்தால் போடுங்கோ. லாச்சிக்குள்ள பெட்டியோட கிடக்கிற மெஷினுகளைக் கண்டு கண்டு எனக்கு அலுத்துப்போச்சு.

இப்ப அசெஸ்மென்ட் நாள். இதில எங்கட ஆக்கள் செய்யிற கூத்துக்குத்தான் நான் தலையில அடிக்கிறது. வீடு துப்பரவாக்கி, அம்மாவுக்கு நல்ல சீலை கட்டி, வந்த ஆளுக்கு வடை சுட்டு, அம்மா நோவோட நோவா எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து குடுப்பா. "படி ஏறுவீங்களோ?" "ஓம்." "குளிக்கிறது?" "நானே குளிப்பன்." "நோ இருக்கோ?" "சின்ன நோதான் பிள்ளை, எல்லாருக்கும் இருக்கிறதுதானே." வந்தவர் சொன்னதைத்தான் எழுதுவார், சொல்லாததை எழுத ஏலாது. பேந்து குறைஞ்ச லெவல் உதவிதான் கிடைச்சிருக்கு எண்டு எனக்குக் கோல். ஆகக் கூடாத நாளில அம்மா எப்பிடி இருக்கிறா எண்டதைச் சொல்லுங்கோ. எத்தினை தரம் விழுந்தவா, விழப் பாத்தவா, எத்தினை நாள் குளிக்காமல் விட்டவா, வெளிய போய் எவ்வளவு காலம், ஆரோட கதைக்கிறவா, எல்லாத்தையும் முதலே பேப்பரில எழுதி வையுங்கோ. தனிமை எண்டதை வாய் விட்டுச் சொல்லுங்கோ, அதுவும் ஒரு தேவை, அதுக்கும் கேள்வி இருக்கு.

மகள்மார், நீங்கள் முன்னுக்கு இருந்து அம்மாவுக்குப் பதிலா எல்லாத்துக்கும் பதில் சொல்லாதேங்கோ. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவே வைக்காதேங்கோ. பதினாலு வயசுப் பெடியன், அம்மம்மாவுக்கு மூத்திரம் அடக்க ஏலுமோ எண்டு கேக்க வேணும், அவா அவனுக்கு உண்மையைச் சொல்ல வேணும், நடக்கிற காரியமோ? போனில மொழிபெயர்க்கிற அரசாங்கச் சேவையான டிஸ்ஸின்ர நம்பர் 131 450, தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம், கேட்டு வாங்குங்கோ. இங்கிலீசு நல்லாத் தெரிஞ்ச ஆக்களுக்கும் சொல்லுறன், டிமென்ஷியா வந்தால் கனபேருக்கு முதல் போறது பிறகு படிச்ச மொழி, கொழும்பில இங்கிலீசில படிப்பிச்ச ரீச்சர்மார் தமிழைத் தவிர ஒண்டும் கதைக்காமல் போனதைக் கண்டிருக்கிறன். தமிழ் கதைக்கிற வேர்க்கர் வேணும் எண்டு இப்பவே கேட்டு வைக்கிறது மேல்.

காசு விசயத்தைக் கெதியாச் சொல்லிப்போடுறன். 2025 நவம்பர் 1ல புதுச் சட்டம் வந்து, பழைய ஹோம் கெயார் பக்கேஜ் போய் சப்போர்ட் அட் ஹோம் வந்திருக்கு, தேவையைப் பொறுத்து எட்டு லெவல். நேர்ஸ், பிசியோ போல மருத்துவ உதவிக்கு ஆருமே பங்கு கட்டத் தேவையில்லை. முழுப் பென்ஷன் எடுக்கிற ஆள் குரூப்புக்கும் போக்குவரத்துக்கும் செலவில 5 வீதம், வீடு கூட்ட, புல்லு வெட்ட 17.5 வீதம் கட்ட வேணும், வருமானம் கூடினால் கூடும். 2024 செப்டம்பர் 12ல பக்கேஜில இருந்தவை, இல்லாட்டி அப்ரூவல் எடுத்துக் காத்திருந்தவை, முந்தின முறையை விடக் கூடக் கட்ட வேண்டி வராது. பென்ஷன் வேற, இது வேற, பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருசம் இந்த நாட்டில இருக்கேல்ல எண்டு இதுக்கும் கேக்காமல் இருக்காதேங்கோ. பழைய பக்கேஜில காசைச் சேர்த்துச் சேர்த்து வைச்சவை கவனியுங்கோ, இப்ப காசு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வருது, அடுத்த காலாண்டுக்குக் கொண்டு போகக்கூடியது 1,000 டொலர் அல்லது அந்தக் காலாண்டுக் காசில பத்து வீதம், எது கூடவோ அதுதான். சேர்த்து வைக்க இது சீட்டுக்காசு இல்லை, அம்மாவை வெளிய கூட்டிக்கொண்டு போகத் தந்த காசு.

அப்ரூவல் வந்தாலும் காசு வர மாதக்கணக்கில எடுக்கும், அதனாலதான் விழமுந்தி எண்டு கத்துறன். காத்திருக்கிற காலத்தில கொமன்வெல்த் ஹோம் சப்போர்ட் எண்ட சின்னத் திட்டத்தில குரூப், பஸ், சாப்பாடு எடுக்கலாம், இடம் இருந்தால்.

இன்னுமொண்டு. முதல் நாள் குரூப்புக்கு அனுப்பிப்போட்டுப் பின்னேரம் "எப்பிடி இருந்தது, பிடிச்சுதோ" எண்டு கேக்காதேங்கோ. "வேண்டாம், இனிப் போகேல்ல" எண்டுதான் சொல்லுவினம், எல்லாரும். முதல் நாள் நீங்களும் கூடப் போய் இருங்கோ, அங்க ஊர்க்காரர் ஒராள் கட்டாயம் நிப்பார், எந்த ஊர், ஆற்ற ஆள் எண்டு விசாரிக்கத் தொடங்கினால் உங்கட வேலை முடிஞ்சுது. நாலு கிழமை பொறுங்கோ. அதுக்குப் பிறகும் பிடிக்கேல்ல எண்டால் விடுங்கோ, அவாவின்ர உயிர், அவாவின்ர முடிவு, புதுச் சட்டத்திலயும் அதைத்தான் உரிமையா எழுதியிருக்கு. பிள்ளையள் "ரெஜிஸ்டர்ட் சப்போர்ட்டர்" எண்டு பதியலாம், ஆனா அது முடிவெடுக்க உதவுறதுக்கு, அம்மாவுக்குப் பதிலா முடிவெடுக்கிறதுக்கு இல்லை.

மை ஏஜ்ட் கெயார் நம்பர் 1800 200 422. திங்களில இருந்து வெள்ளி காலமை 8 தொடங்கி இரவு 8 வரைக்கும், சனி 10 தொடங்கி 2 வரைக்கும். அம்மாவைப் பக்கத்தில இருத்தி, ஸ்பீக்கரில போட்டு, மெடிக்கெயார் கார்டைக் கையில வைச்சுக்கொண்டு எடுங்கோ, அவாவின்ர சம்மதத்தை அவாவின்ர வாயால கேப்பினம். ஏன் எடுக்கிறம் எண்டு முதலே அவாவுக்குச் சொல்லி வையுங்கோ, இல்லாட்டி மொழிபெயர்க்க வந்த பிள்ளையிட்ட "எனக்கு ஒண்டும் வேண்டாம் தங்கச்சி, நீர் எந்த ஊர்?" எண்டு கேட்டுப்போட்டு கோலைக் கட் பண்ணிப்போடுவா.