உறைந்த குளத்தின் அடியில் தவளை எப்படிப் பிழைக்கிறது?

பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் குளிர்காலத்தில் குளங்களின் மேற்பரப்பு உறைந்துவிடும். ராணா டெம்பொரேரியா என்ற தவளைகளில் பல அதற்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும். மேலே வந்து நுரையீரலில் காற்று நிரப்ப வழியில்லை. தோல் வழியாக நீரிலிருந்து உள்ளே வரும் ஆக்சிஜன் மட்டும்தான் கதி. அதுவும் நிச்சயமில்லை. உறைந்த பரப்பின் மேல் வெண்பனி படிந்தால் நீருக்குள் வெளிச்சம் இறங்காது, பாசிகள் ஆக்சிஜன் வெளியிடுவது நின்றுபோகும். அடியில் மக்கும் இலைகளோ இருப்பதையும் குறைத்துக்கொண்டே இருக்கும்.

வரவு குறைந்தால் செலவைக் குறைக்க வேண்டும். தவளையின் உடல் அதைத்தான் செய்கிறது.

முதலில் கைகொடுப்பது குளிர். 3 டிகிரி செல்சியஸில் உடலின் வேதிவினைகள் எல்லாமே மந்தமாகிவிடும். நீரில் ஆக்சிஜன் குறையக் குறையத் தவளைகள் இன்னும் குளிர்ந்த இடத்தை நாடிப் போகின்றன என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிளென் டாட்டர்சாலும் ராபர்ட் புட்டிலியேயும் 1997இல் காட்டினார்கள். சரி, எல்லாம் குளிரின் வேலைதானா? இல்லை. வெப்பநிலை மாறாமலே ஆக்சிஜன் மட்டும் குறைந்தாலும் தவளையின் ஆற்றல் செலவு மேலும் இறங்குகிறது. சோடியத்தைச் செல்லுக்கு வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் நிறுத்திவைக்கும் பம்புகள் ஆற்றலை நிறையக் குடிப்பவை. குளிரில் கிடக்கும் தவளையின் தசையில் செல்சவ்வு வழியே அயனிகள் கசிவது குறைகிறது. அதனால் பம்புகளுக்கும் வேலை குறைகிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்டிரியாவில் நடப்பதுதான். வழக்கமாக அது ஆக்சிஜனைப் பயன்படுத்திப் புரோட்டான்களை உள்சவ்வுக்கு வெளியே தள்ளும். அவை ஒரு நொதியின் வழியாகத் திரும்பி வரும்போது ஏடிபி உருவாகும். செல்லின் எல்லா வேலைக்கும் ஆற்றல் தருவது இந்த ஏடிபிதான். ஆக்சிஜன் அறவே நின்றால் அதே நொதி தலைகீழாக ஓடத் தொடங்கும்: ஏடிபியை உடைத்துப் புரோட்டான்களை வெளியே தள்ளும். அந்த நேரத்தில் செல்லிடம் இருப்பது, ஆக்சிஜன் இல்லாமல் ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் 2 ஏடிபி மட்டுமே. ஆக்சிஜன் இருந்தால் ஏறக்குறைய 30 கிடைத்திருக்கும். அந்த இரண்டையும் மைட்டோகாண்டிரியாவே கரைத்துவிட்டால் செல்லின் கதை முடிந்துவிடும்.

தவளைத் தசையில் இந்த விரயம் பெருமளவு தடுக்கப்படுகிறது. ஜூலி சென்-பியர், மார்ட்டின் பிராண்ட், புட்டிலியே மூவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், உள்சவ்வு வழியே புரோட்டான்கள் உள்ளே கசிவது மாறவில்லை, தலைகீழாக ஓடும் நொதியே பலமாக அடக்கப்படுகிறது என்று தெரிந்தது. ஆக்சிஜன் குறைந்த நீரில் நெடுநாள் கிடந்த தவளைகளின் மைட்டோகாண்டிரியா, இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் முன்பைவிட நன்றாகப் பற்றிக்கொள்கிறது என்பதும் அதே குழுவினர் கண்டதுதான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆக்சிஜன் இல்லாதபோது உடலில் லாக்டிக் அமிலம் சேரும். தங்கமீன் அதை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே நீரில் விட்டுவிடும். தவளையால் அது முடியாது. ஆக்சிஜன் குறைந்த நீரில் மாதக்கணக்கில் தாங்கும் தவளை, அது முற்றிலும் தீர்ந்த நீரில் சில நாட்களுக்கு மேல் தாங்காது. பனி உருகும்போது குளங்களில் தவளைகள் செத்து மிதப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இலையுதிர் காலத்திலேயே குளத்தில் விழுந்த இலைகளை அள்ளிவிட்டு, அப்புறம் உறைந்த பரப்பின் மேல் படியும் வெண்பனியையும் அவ்வப்போது ஒதுக்கிவிட்டால், கீழே கிடக்கும் தவளைகளுக்கு ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாகவே மிஞ்சும்.