விமான டிக்கெட்டும் சாயங்காலக் கத்தரிக்காயும்

சென்ற வாரம் என் டிக்கெட் கடைக்கு ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். மகளுக்கு அமெரிக்காவில், டல்லாஸில் பிரசவம். "பன்னிரண்டு நாளில் கிளம்ப வேண்டும் தம்பி, இப்போது என்ன விலை?" என்றார். பார்த்துச் சொன்னேன்: சென்னையிலிருந்து போய்வர ஒருவருக்கு 1,48,000 ரூபாய். இதே மனிதர் தை மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோது நான் சொன்னது 96,000. "இறங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுந்து போனவர்தான். பிரசவத் தேதி அன்றைக்கே தெரியும். விசாவும் கையில் இருந்தது. "இந்த வித்தியாசத்தில் இரண்டு ஏக்கர் நடவை முடித்திருப்பேனே" என்று இப்போது என்னிடம் வருத்தப்படுகிறார். நான் என்ன செய்வது?

கும்பகோணத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இத்தனை ஆண்டுகளாக நான் அதிகம் கேட்ட வசனம் இந்த "இறங்கட்டும்"தான். இது எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். தாராசுரம் மார்க்கெட்டில் பொழுது சாயும்போது கத்தரிக்காய் விலை விழும். வியாபாரி அதை வீட்டுக்குத் திருப்பித் தூக்கிப்போக முடியாது, மறுநாள் வாடிவிடும். விமானத்தில் காலி இருக்கையும் அப்படித்தானே, கடைசி நேரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட மாட்டார்களா என்று கேட்கிறார்கள். மாட்டார்கள். கடைசி மூன்று நாளில் டிக்கெட் வாங்க வருபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனி செலவில் போகிறவர். விசா காலாவதி ஆகப்போகிறவர். ஊரில் அப்பா இறந்துவிட்டார், பிணத்தை எடுப்பதற்குள் வந்து சேர வேண்டும் என்று மஸ்கட்டில் அழுதுகொண்டிருப்பவர். இவர்களில் யாரும் பேரம் பேசப்போவதில்லை. விமான நிறுவனத்துக்கு அது நன்றாகத் தெரியும். இவர்களுக்கென்றே சில இருக்கைகளை உயர்ந்த விலையில் வைத்திருக்கிறார்கள். காலியாகப் பறந்தாலும் பரவாயில்லை, கடைசி நாளில் மலிவு கிடைக்கும் என்று ஜனங்களுக்குப் பழக்கப்படுத்திவிடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அபூர்வமாக இறங்கியும் இருக்கிறது. அதை நம்பிக் குடும்பத்தோடு காத்திருக்காதீர்கள்.

ஒரே விமானத்தில், ஒரே வரிசையில், ஒரே மாதிரி இருக்கைக்குப் பல விலைகள் உண்டு. எங்கள் தொழிலில் அதைக் கிளாஸ் என்போம். பிசினஸ் கிளாஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. மலிவான எழுத்து தீர்ந்தால் அடுத்த எழுத்து. நேற்றுப் பார்த்த விலை இன்று ஏறியிருந்தால், பெரும்பாலும் இடையில் யாரோ வாங்கிவிட்டார்கள் என்று பொருள். நீங்கள் திரும்பத் திரும்பத் தேடுவதை உங்கள் செல்போன் வேவு பார்த்து விலையை ஏற்றிவிடவில்லை. பேரப்பிள்ளைகள் சொல்லிக் கொடுத்த ரகசியத் திரையில் (இன்காக்னிட்டோ என்பார்களே, அதில்) தேடினாலும் அதே விலைதான் வரும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவான கிளாஸில் மூன்று இடமே மிச்சம் இருந்தால், நான்கு பேருக்குமே அடுத்த விலையைக் காட்டும். அந்த மூன்றை வாங்கிவிட்டு நான்காவதைத் தனியாக வாங்கினால் மிச்சமாகும். ஆனால் முன்பதிவு எண் இரண்டாகிவிடும். கைக்குழந்தையையோ வயதானவரையோ தனி எண்ணில் விடாதீர்கள்.

அடுத்தது செவ்வாய்க்கிழமை நள்ளிரவு. இதை யார் கிளப்பிவிட்டார்களோ! செவ்வாயன்று ஒரு நல்ல காரியத்தையும் தொடங்கத் தயங்குகிறவர்கள், டிக்கெட் மட்டும் செவ்வாய் இரவு பன்னிரண்டு மணிக்குப் போட வேண்டும் என்கிறார்கள். விலை ஒரே நாளில் பலமுறை மாறுகிறது. வாங்கும் கிழமையை விட்டுவிடுங்கள், பறக்கும் கிழமையைப் பாருங்கள். வாரக் கடைசியைவிட வாரத்தின் நடுநாட்களில் பெரும்பாலும் குறையும். ஜோசியரிடம் ஒரு நாள் குறித்து வராதீர்கள், மூன்று நாள் குறித்து வாருங்கள்.

சரி, எப்போது வாங்குவது? ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறோம் அல்லவா, இதற்கும் பட்டம் உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்றால் சாதாரண நாட்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்னால். டிசம்பர், பொங்கல், பெருநாள், மே மாதம் என்றால் நான்கைந்து மாதம். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவுக்கு மூன்று முதல் ஐந்து மாதம். கோடையிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் ஆறு மாதம். பதினோரு மாதம் முன்பே வாங்கிவிட வேண்டும் என்று துடிக்கிறவர்களும் உண்டு. விற்பனை திறந்த உடனே மலிவாக இருக்கும் என்ற உத்தரவாதம் எதுவுமில்லை.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. வளைகுடாவில் பள்ளிக்கூடம் மூடும் ஜூன் கடைசியில் அங்கிருந்து இங்கே வரும் விமானம் நிரம்பி வழியும். ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து அங்கே. மருமகளும் பிள்ளைகளும் விடுமுறைக்கு வருவது ஆண்டுதோறும் நடப்பதுதானே. வைகாசி பிறந்தபிறகு போன் செய்து "ஏதாவது பார்த்துக் குறைத்துக் கொடுங்கள்" என்றால் என்னிடம் மந்திரக்கோலா இருக்கிறது?

பெட்டிக்கான கட்டணத்தைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்காமல் "அங்கே நாலாயிரம் குறைவு" என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். குறைந்த கட்டண விமானத்தில் அடிப்படை விலை பெரும்பாலும் கைப்பைக்கு மட்டுமே. ஊறுகாயும் முறுக்கும் தனிக் கணக்கு. சென்னையிலிருந்து மலிவு என்றால் அதுவரைக்குமான கார் வாடகையையும் கூட்டுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைச் சொல்லுங்கள், தயவுசெய்து. இனிஷியலை நான் ஊகிக்க முடியாது. பெயர்த் திருத்தத்துக்குப் போகும் பணம் நீங்கள் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகிவிடும்.

அந்தப் பெரியவர் விஷயம். வெள்ளிக்கிழமைக்குப் பதில் புதன் கிளம்பினால் ஆளுக்கு 11,000 குறைகிறது என்றேன். "புதன் வடக்கே சூலம், சென்னை நமக்கு வடக்குதானே" என்று தயங்கினார். அதுவரை வாயே திறக்காத அம்மா, "பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் தோஷமில்லை, நீங்கள் போடுங்கள் தம்பி" என்றார். புதனுக்கே போட்டுவிட்டேன்.