52.9 டிகிரி: திருத்திய பிறகும் மனத்தில் தங்கிவிட்ட எண்

தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் வாசகர் ஒருவர், ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர், எனக்கு இப்படி எழுதியிருந்தார்: “2024ஆம் ஆண்டு மே மாதம் தில்லியில் 52.9 டிகிரி வெயில் என்று எல்லாத் தொலைக்காட்சிகளும் சொல்லின. பிறகு கருவிக் கோளாறு என்றார்கள். அப்படியானால் பூமி சூடாகிறது என்று இவர்கள் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?” நியாயமான கேள்வி. இதே கேள்வியை ராமகிருஷ்ணபுரத்திலும் கரோல் பாகிலும் தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே 29 அன்று தில்லியின் ஓரத்தில் உள்ள முங்கேஷ்பூரின் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் எனக் காட்டியது. ராஜஸ்தானின் பலோடியில் 2016இல் பதிவான 51 டிகிரிதான் அதுவரை நாட்டின் உச்சம் என்பதால், சில மணி நேரத்தில் செய்தி உலகமெங்கும் போய்விட்டது. மற்ற நிலையங்களின் அளவுகளோடு இந்த எண் ஒட்டவில்லை என்றும், ஆராய்ந்து சொல்வதாகவும் இந்திய வானிலை ஆய்வுத் துறை அன்றே அறிவித்தது. பின்னர் தரப்படுத்திய கருவியை அருகில் வைத்து ஒப்பிட்டு, முங்கேஷ்பூர் சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதாகத் தெரிவித்தது. அறிவியல் நடக்க வேண்டிய முறையில்தான் நடந்திருக்கிறது. ஆனால் வாசகர் மனத்தில் எஞ்சியது அவநம்பிக்கை. இது ஏன் என்பதுதான் என்னைப் பல நாட்கள் யோசிக்க வைத்தது.

இதற்கு விடை தரும் ஓர் ஆய்வு உண்டு. ஹோலின் ஜான்சன், கொலீன் சைஃபர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்டது அது. ஒரு கிடங்கில் தீப்பிடித்த கதையைத் துண்டு துண்டான செய்திகளாக அவர்கள் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அங்கிருந்த அலமாரி அறையில் எண்ணெய் பெயிண்டும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்றது முதலில் வந்த ஒரு செய்தி. அந்த அறை உண்மையில் காலியாக இருந்தது என்று திருத்தியது பின்னால் வந்த இன்னொன்று. திருத்தத்தைப் படித்தவர்களுக்கு அது நன்றாக நினைவிலும் இருந்தது. ஆயினும், அவ்வளவு கரும்புகை ஏன் எழுந்தது என்று கேட்டபோது, அவர்களில் பலர் பெயிண்டையே காரணமாகச் சொன்னார்கள்! நம் மனம் செய்திகளைத் தனித்தனிச் சீட்டுகளாக அடுக்கி வைப்பதில்லை. ஒன்று மற்றொன்றைத் தாங்கும்படி, காரணமும் விளைவுமாக ஒரு கதையைக் கட்டுகிறது. அதன் நடுத்தூணை மட்டும் உருவினால் கதை நிற்காது என்பதால், தவறென்று தெரிந்த தூணையே மனம் மறுபடி ஊன்றிக்கொள்கிறது. தீ வைக்கப்பட்டதற்கான தடயங்கள் வேறிடத்தில் கிடைத்தன என்று மாற்றுக் காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தபோதோ, பெயிண்டின் பிடி வெகுவாகத் தளர்ந்தது. ஒரு திருத்தம் மனத்தில் நிற்க வேண்டுமானால், தான் பிடுங்கிய இடத்தில் வேறொன்றை நட வேண்டும் என்பதை இவ்வளவு எளிய கதையால் காட்டிய இந்த ஆய்வின் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

முங்கேஷ்பூர் செய்தியில் 52.9 என்ற தூண் பிடுங்கப்பட்டது. அந்த இடத்தில் ‘எல்லாம் பொய்’ என்ற ஆயத்தத் தூண் வந்து நின்றுகொண்டது. அது ஆயத்தமாக இருந்ததற்கும் ஊடகங்களுக்குப் பங்குண்டு. 1988 முதல் 2002 வரை அமெரிக்காவின் நான்கு முன்னணி நாளிதழ்களில் வந்த கட்டுரைகளை ஆராய்ந்த மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் சகோதரர்கள், அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, மனிதரால் பூமி சூடாகிறது என்ற கருத்துக்கும் எல்லாம் இயற்கையின் ஏற்ற இறக்கமே என்ற கருத்துக்கும் ஏறத்தாழச் சம இடம் கொடுத்ததாக 2004இல் காட்டினார்கள். நடுநிலை என்ற நல்ல வழக்கமே, அறிவியலில் இல்லாத ஐயத்தை உண்டாக்கிவிட்டது.

ஒரு சென்சாரின் பிழை, பூமி சூடாவதைக் காட்டும் உலக வெப்பநிலைக் கணக்கைக் கவிழ்க்குமா என்றால், கவிழ்க்காது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு நிலையமும் தன்னுடைய நெடுநாள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதுதான் சேர்கிறது; என்றும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் கருவியின் பிழை கழித்தலிலேயே மறைந்துவிடும், திடீரெனக் கெட்ட கருவியை அண்டை நிலையங்களோடு ஒப்பிட்டால் பிடித்துவிடலாம். கருவிகளைத் தரப்படுத்தும் இந்த ஓசையில்லாத வேலைக்கும், அதைப் புரிந்து எழுதும் அறிவியல் நிருபர்களுக்கும் நம் நாட்டில் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு நான் எழுதிய பதிலில், அன்றைய திருத்தச் செய்தி எப்படி வந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதைச் சேர்த்திருந்தேன்: “முங்கேஷ்பூரின் 52.9 டிகிரி தவறு, சென்சார் 3 டிகிரி கூட்டிக் காட்டியது. அதே நாளில் தில்லியின் முதன்மை நிலையமான சஃப்தர்ஜங்கில் பதிவான 46.8 டிகிரி சரியான அளவு, அங்கே 79 ஆண்டுகளில் அவ்வளவு வெயில் அடித்ததில்லை.”