ஆப்ஸ்: தூங்கானைக் கோடி

ஐரோப்பியத் தேவாலயங்களைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘ஆப்ஸ்’ என்ற சொல்லைக் ‘கருவறை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கருவறை வாசல் வைத்து அடைத்த அறை. ஆப்ஸ், மண்டபத்தின் ஒரு கோடியில் பிதுங்கி நிற்கும் அரைவட்டப் பகுதி. அதற்குக் கதவு கிடையாது, உள்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். ‘குவிமாடம்’ என்பதும் பொருந்தாது, அது முழுக் கோளத்தின் மேற்பாதி. ‘பீடமுற்றம்’ என்பது வழிபாடு நடக்கும் இடத்தின் பெயர், சுவரின் வடிவத்தைச் சொல்லாது.

மூலச் சொல் கிரேக்க ‘ஹாப்சிஸ்’. ‘பிணைத்தல், கோத்தல்’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. துண்டுகளைக் கோத்து வளைத்த எதையும் குறித்தது: வலைக்கண், வளைவு, வண்டிச் சக்கரத்தின் வட்டை. லத்தீனில் ‘அப்சிஸ்’ ஆனது. கோளின் சுற்றுப்பாதையில் மிக அருகிலும் மிகத் தொலைவிலும் உள்ள புள்ளிகளை வானியலார் அழைப்பதும் இதே சொல்லால்தான். ரோமானியப் பொது மண்டபங்களில் நீதிபதி அமர்ந்தது இந்த அரைவட்டக் கோடியில். கிறித்தவர்கள் அந்த மண்டப வடிவை எடுத்துக்கொண்டபோது அந்த இடம் பலிபீடத்துக்கு வந்தது.

நல்ல சான்று ஸ்பெயினின் கத்தலோனியாவில், பிரனீஸ் மலையின் ‘போய்’ (Boí) என்னும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. தவுல் என்ற சிற்றூரின் சாந்த் கிலிமென்ட் கோயில் 1123 டிசம்பர் 10 அன்று அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தப்பட்டது. அந்தத் தேதி அங்குள்ள தூண் ஒன்றில் வண்ணத்தால் எழுதப்பட்டது. மறுநாள் அதே ஊரின் சாந்தா மரியா கோயிலுக்கு அர்ச்சிப்பு. சாந்த் கிலிமென்டில் உருளைத் தூண்கள் மண்டபத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. ஒவ்வொன்றின் கீழைக் கோடியிலும் ஓர் ஆப்ஸ், நடுவில் இருப்பது பெரியது.

மண்டபத்துக்கு மரக்கூரை, ஆப்ஸுக்கு மட்டும் கல் வளைவு. அகலமான மண்டபத்தைக் கல்லால் வளைத்து மூடினால் அதன் எடை சுவர்களை வெளியே தள்ளும். ஆப்ஸோ சிறியது, சுவரே வளைந்திருப்பதால் உதைப்பைத் தாங்கும். கீழே அரை உருளைச் சுவர், மேலே கால்கோளக் கூரை. இதில் பலவீனம் திறந்த வாய்ப்பக்கம். முழுக் குவிமாடத்தில் கல் வரிசை வட்டமாக மூடி, கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். பாதி வட்டத்தில் அந்தப் பிடி இல்லை, கூரை முன்னோக்கித் தள்ளும். முன்வளைவும் அதையொட்டிய சுவரும் அதைத் தடுக்க வேண்டும். அவை இளகினால் வாய் விளிம்பில் விரிசல் தொடங்கும். வெளிச்சுவரில் மேலே வரிசையாக ஓடும் சிறு வளைவுகளும் அவற்றிலிருந்து இறங்கும் ஒட்டுப்பட்டைகளும் வட இத்தாலியின் லொம்பார்டியக் கொத்தர்களின் முத்திரை.

சாந்த் கிலிமென்டின் நடு ஆப்ஸ் உள்வளைவில் ஈரச் சாந்தின் மேல் வரைந்த இயேசு, கையிலுள்ள ஏட்டில் ‘நானே உலகின் ஒளி’ என்ற லத்தீன் வரியோடு அமர்ந்திருக்கிறார். மலைக்கோயில்களின் ஓவியங்கள் வெளிநாட்டுக்கு விலை போகத் தொடங்கியதால் (மூர் என்ற கத்தலோனிய ஊரின் கோயில் ஆப்ஸ் ஓவியம் இன்று அமெரிக்காவின் பாஸ்டனில்) 1919 முதல் 1923 வரை இப்பகுதி ஓவியங்கள் உரித்தெடுக்கப்பட்டுப் பார்சிலோனா சேர்ந்தன. ஓவியத்தின் மேல் விலங்குப் பசையால் துணி ஒட்டுவார்கள். பசை காய்ந்து சுருங்கும்போது வண்ணப் படலம் துணியோடு கிளம்பும். அதைச் சுருட்டி இறக்கி, பின்பக்கம் புதுத் துணி ஒட்டியபின் முன்துணியை வெந்நீரால் நீக்குவார்கள். பசை சரியாகக் காயுமுன் இழுத்தால் வண்ணம் பாதி சுவரிலேயே தங்கிவிடும். பார்சிலோனா அருங்காட்சியகத்தில் மரச்சட்டத்தால் ஆப்ஸையே வளைத்துக் கட்டி ஓவியத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். அகலம் 360 செ.மீ., ஆழம் 180 செ.மீ.; அதாவது சரியான அரைவட்டம்.

தமிழில் இந்த வடிவத்துக்குப் பழைய பெயர் உண்டு: தூங்கானை மாடம். பெண்ணாகடத்துக் கோயிலை ஞானசம்பந்தர் அந்தப் பெயராலேயே பாடினார். வடமொழியில் கஜபிருஷ்டம், யானையின் பின்புறம். மாமல்லபுரத்துச் சகாதேவ ரதம் இவ்வகை. பக்கத்திலேயே கல்யானையும் நிற்கிறது. ஆனால் திசை நேர் எதிர். கிழக்கு நோக்கிய தூங்கானைக் கோயிலில் வளைவு மேற்கே இருக்கும், தவுலில் கிழக்கே. மேலும் ‘மாடம்’ முழுக் கட்டடத்தைக் குறிக்கிறது, ஆப்ஸ் அதன் ஒரு முனை மட்டுமே.

அதனால் உறுப்பைச் சொல்லும்போது ‘தெருக்கோடி’ போலத் ‘தூங்கானைக் கோடி’ என்பது பொருத்தம். பிரனீஸ் மலையில் யானை ஏது என்று தயங்குவோர் ‘அரைவட்டக் கோடி’ என்று எழுதலாம், பிழையில்லை. பக்கவாட்டு ஆப்ஸ்கள் ‘பக்கக் கோடிகள்’. மேலுள்ள கூரை ‘கால்கோளக் கூரை’. சுவரில் குடைந்த சிறு பிறைக்கு மட்டும் இவற்றில் எதையும் சூட்ட வேண்டாம், அது மாடக்குழிதான்.